கைக்கடிகாரம் வாங்குவதில் நயம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற் பேசவேண்டுமென்று செயலாளர் என்னைக் கேட்டபொழுது, "தம்பி, நாலு பேருக்குப் பயன்படக்கூடிய விஷயமாகப் பேசும்" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தே கேட்டார். ஆதலின் இலக்கியத்தையும் தத்துவத்தையும் அவற்றிற் பழுத்தவர்களுக்கு விட்டு, விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை ஏமாறாமலும் நயமாகவும் வாங்குவது எப்படி என்பதையே இன்று பேச எண்ணினேன். "ஆடம்பரப் பொருளைப்பற்றி நமது சங்கத்தில் என்ன பேச்சு?" என்று முன்வரிசையிலுள்ள பெரியோர் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள்க.

நம் வீட்டுக் கலியாணங்களை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளைக்குச் சங்கிலி, மோதிரம், கடிகாரம் என்ற மூன்றும் வழக்கமாகிவிட்டன. சங்கிலியும் மோதிரமும் வாங்கும்பொழுது நாம் எவ்வளவு கெட்டிக்காரர்! நாலு கடை ஏறி இறங்குகிறோம்; தராசைப் பார்க்கிறோம்; கூலி என்ன, சேதாரம் என்ன என்று வாதாடுகிறோம்; நாளைக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன கழிப்பீர்கள் என்றும் கேட்கிறோம். கடிகாரத்துக்கு வந்தவுடன் இந்தக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் கடைவாசலிலே செருப்போடு தங்கிவிடுகிறது. பெயரைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம், "இவ்வளவு விலை சொல்லுகிறானென்றால் நல்லதாய்த்தான் இருக்கும்" என்று எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். மூன்றிலும் அதிகப் பணம் போகக்கூடியது இந்த மூன்றாவதுதான். சில வீடுகளில் இதற்காகவே பவுண் அடகுக்குப் போகிறது. அடகுக்குப் போன பவுணெல்லாம் வீடு திரும்புவதில்லை என்பதை இங்குள்ள தாய்மாருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். விலையுயர்ந்த கடிகாரத்தை நேரம் பார்ப்பதற்காக எவரும் வாங்குவதில்லை. நேரம் பார்க்கவேண்டுமெனின், அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் இறங்கிக் கண்டிக்குப் போகிறவருக்கு நகரத்து மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தந்தையொருவர் அவன் நினைவாகக் கட்டுவித்து, 1950 ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட கோபுரம் அது. எவரிடமும் ஒரு சதம் கேட்பதில்லை. முகூர்த்தத்துக்கு ஐயரே இப்பொழுது கைத்தொலைபேசியைத்தான் பார்க்கிறார்.

இன்னும் சொல்லப்போனால், விலை கூடக்கூட நேரத்தின் திருத்தம் குறைவதே இத்துறையின் விந்தை. மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துள் இருக்கும் சிறு படிகம் ஒரு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆதலின் அக்கடிகாரம் ஒரு மாதத்தில் பதினைந்து விநாடியளவே முன்பின்னாகும். வில்முறுக்கில் ஓடும் சுவிஸ் கடிகாரமோ, அது மிகச் சிறந்ததாய் இருப்பினும், பெரும்பாலும் விநாடிக்கு எட்டு முறையே துடிக்கிறது. அங்கே கடிகாரங்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் நிலையம் வகுத்த எல்லை, ஒரு நாளைக்கு நாலு விநாடி பிந்துவதும் ஆறு விநாடி முந்துவதும் ஆகும். மாதக் கணக்கிற் பார்த்தால் சந்தையில் வாங்கும் மலிவான கடிகாரத்திடம் அது தோற்றுவிடும்.

இத்தோல்வியே ஆடம்பரக் கடிகாரம் என்ற பொருளை இன்றைய வடிவில் உண்டாக்கியது. 1969 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆந் திகதி யப்பானின் சீக்கோ கம்பனி உலகின் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை நாலரை இலட்சம் யென். அக்காலத்தில் ஒரு சிறிய மோட்டார்க் காரின் விலை. ஆனால் சில ஆண்டுகளிலே குவார்ட்ஸ் மலிந்துவிட்டது. 1970 அளவில் ஏறக்குறையத் தொண்ணூறாயிரம் பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980 களின் நடுப்பகுதியில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே எஞ்சினர். பிழைத்த கம்பனிகள் பலவும் நேரத்தை விற்பதை விட்டு, கைவேலையையும் பெயரையும் விற்கத் தொடங்கின. இன்று நாம் பெருவிலை கொடுப்பது அந்தக் கைவேலைக்கும் பெயருக்குமே. அதைப் பாவமென்று சொல்ல நான் இங்கு வரவில்லை. பின்மூடியிலுள்ள கண்ணாடிவழியாக அந்தப் பொறி துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுக்கவேண்டும்.

பொன்னுக்கும் கல்லுக்கும் கொடுக்கிறோம் என்று நம்மிற் பலர் நினைக்கின்றனர். கணக்குப் பார்ப்போம். நம்முடைய நகை 22 காரட். அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு பொன். சுவிஸ் பொற்கடிகாரம் பெரும்பாலும் 18 காரட்; அதன்மேல் 750 என்ற முத்திரை இருக்கும். ஒரு கடிகாரத்திற் கூடும் கொழுக்கியுமாக 40 கிராம் இருக்கிறதென வைத்துக்கொண்டால், அதிலுள்ள தூய பொன் 30 கிராம். நம் கணக்கில் அது நாலு பவுணுக்குச் சற்றுக் கூட. கடைக்காரர் கேட்கும் விலையை நாலு பவுணின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொன்னுக்கென்று எவ்வளவு, பெயருக்கென்று எவ்வளவு என்பது விளங்கிவிடும். பொன்முலாம் பூசியதோ இன்னும் மோசம். இருபது மைக்ரோன் முலாம் என்றால் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம். சட்டைக் கையில் உராய்ந்தே போய்விடும்.

கல்லின் கதை இதைவிட வேடிக்கையானது. "பதினேழு கல் வைத்த கடிகாரம்" என்று பெருமையாகச் சொல்லும் தாத்தாமார் இன்னும் இருக்கிறார்கள். கல் உண்மையே, மாணிக்கமும் உண்மையே. ஆனால் அது இரத்தினபுரியிலே தோண்டியெடுத்த மாணிக்கம் அன்று. வெர்நேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1902 இல் வெளியிட்ட முறைப்படி உலையிலே உருக்கிச் செய்யும் மாணிக்கம். சக்கரங்களின் அச்சு தேயாமற் சுழல்வதற்காக வைப்பது, கடுகினும் சிறியது, விலையும் சொற்பம். கல்லை எண்ணிக் கடிகாரம் வாங்குவது, ஆணியை எண்ணி வீடு வாங்குவது போலாகும்.

நிற்க. நயம் என்ற சொல்லுக்கு நம் நாட்டு வழக்கில் மலிவு என்றும் பொருள் உண்டு, நன்மை என்றும் பொருள் உண்டு. கடிகார விஷயத்தில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி. மிஷன் பாடசாலையில் எங்களுக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், இலாபநட்டக் கணக்கு வரும்போதெல்லாம், "கொள்விலையை மட்டும் பார்க்கிறவன் பாதிக் கணக்குத்தான் செய்கிறான்" என்று கரும்பலகையிலே தட்டுவார். கடிகாரத்தின் உண்மையான விலை, நாம் வாங்கும் நாளில் எண்ணிக் கொடுக்கும் தொகை அன்று. அத்தொகையோடு பராமரிப்புச் செலவைக் கூட்டி, என்றைக்கேனும் விற்க நேர்ந்தால் கைக்கு வரக்கூடிய தொகையைக் கழித்துவிட்டு எஞ்சுவதே உண்மையான விலை.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒருவர் புதுக் கடிகாரத்தை 6 இலட்சம் ரூபாவுக்கு வாங்கி ஐந்தாண்டு கட்டியபின் 3 இலட்சத்துக்கு விற்கிறார். இன்னொருவர் அதே வகையைப் பாவித்த கடிகாரமாக 4 இலட்சத்துக்கு வாங்கி, 60 ஆயிரம் கொடுத்துச் சேர்விஸ் செய்து, அவரும் 3 இலட்சத்துக்கு விற்கிறார். மூன்றாமவர் மகா கெட்டிக்காரர். அதே பெயருள்ளதை 2 இலட்சத்துக்கு வாங்கிவிட்டார். விற்கப் போனபொழுது போலியென்று தெரிந்து எவரும் தொடவில்லை. முதலாமவருக்குச் செலவு 3 இலட்சம். இரண்டாமவருக்கு ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல். எல்லோரிலும் மலிவாக வாங்கிய மூன்றாமவருக்கு 2 இலட்சமும் போயிற்று. வெட்கத்தில் வெளியிலும் சொல்லமுடியாது.

இதற்கு நம் தமிழ்கூறும் உலகிலேயே ஓர் உண்மையான உதாரணம் நடந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாரதிய ஜனதாக் கட்சியின் அப்போதைய தலைவர் அண்ணாமலை அவர்கள், ராஃபேல் போர் விமானத்தின் பெயரால் பெல் அன்ட் ரோஸ் கம்பனி 500 மட்டுமே செய்து வெளியிட்ட கடிகாரம் ஒன்றைக் கட்டியிருந்தார். 2022 டிசம்பரில், அப்பொழுது அமைச்சராயிருந்த செந்தில் பாலாஜி அவர்கள், "அதன் பற்றுச்சீட்டு எங்கே?" என்று கேட்டார். அன்று தொடங்கிய வாதம் 2023 ஏப்ரில் வரையும் ஓடிற்று. அந்த மாதம் அண்ணாமலை அவர்கள் விபரங்களை வெளியிட்டார். கோவையைச் சேர்ந்த ஒருவர் 2021 மார்ச்சில் கடையிலே நாலரை இலட்சம் இந்திய ரூபாவுக்கு வாங்கியதை, அதே ஆண்டு மே மாதம் தாம் மூன்று இலட்சத்துக்கு வாங்கியதாக அதிற் சொன்னார்.

அரசியல் நமக்கு வேண்டாம். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல இச்சங்கம் நீதிமன்றமும் அன்று. வாங்குகிறவன் என்ற முறையில் அந்த எண்களைப் பாருங்கள். உலகத்தில் ஐந்நூறே உண்டு என்ற அருமை இருந்தும், கடையைவிட்டு வெளியே வந்து இரண்டு மாதத்திற் கடிகாரம் தன் விலையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது. முதலில் வாங்கியவரின் நட்டமே அடுத்தவரின் நயம். "குறைந்த எண்ணிக்கையிற் செய்தது, விலை ஏறும்" என்று விற்பனையாளர் சொல்லும்பொழுது இந்த ஒன்றரை இலட்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெரிய பதவியில் உள்ளவரையே நாலு மாதம் துரத்தியது ஒரு பற்றுச்சீட்டு என்ற துண்டுக் காகிதம். 2016 இல் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா அவர்களும், நண்பர் கொடுத்த பரிசு என்று சொன்ன ஹூப்லோ கடிகாரத்தை, எழுந்த கூச்சலின்பின் சட்டசபைச் சபாநாயகரிடம் ஒப்படைக்கவேண்டியதாயிற்று.

"ஏலத்திலே கோடிக்கணக்கில் விலை போகிறதே, அது பொய்யா?" என்று என் வயதுத் தோழர்கள் கேட்பதுண்டு. பொய்யன்று. 2009 மார்ச்சில் நியூயோர்க்கிலே மகாத்மா காந்தியின் செனித் சட்டைப்பைக் கடிகாரம், அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, உணவுக் கலங்களோடு சேர்த்து ஏலம் விடப்பட்டபொழுது 18 இலட்சம் டொலருக்கு விஜய் மல்லையா எடுத்தார். 2017 ஒக்ரோபரில் நடிகர் போல் நியூமனின் றோலெக்ஸ் டேற்றோனா 1 கோடி 77 இலட்சம் டொலருக்கு மேற் போயிற்று. அவருடைய மனைவி அதைக் கடையில் வாங்கியபொழுது சில நூறு டொலர்தான். அங்கே விலை போனது கட்டியிருந்த கை, கடிகாரம் அன்று. (மதுவிலக்கை வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய காந்தியடிகளின் கடிகாரத்தை மது வியாபாரி ஒருவர் மீட்டெடுத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறேதோவும் வருகிறது.)

வேறொரு வகை ஏற்றமும் உண்டு. பட்டெக் பிலிப் கம்பனி 5711 என்ற இலக்கமுள்ள உருக்குக் கடிகாரத்தை இனிச் செய்வதில்லையென்று 2021 தொடக்கத்தில் தீர்மானித்ததும், அதன் வெளிச்சந்தை விலை கடை விலையின் சில மடங்காயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அதன் நீலமுகக் கடிகாரமொன்று ஏலத்தில் 65 இலட்சம் டொலருக்குப் போனதைப் பத்திரிகையிற் படித்தவர்கள், கையில் அகப்பட்ட கடிகாரத்தையெல்லாம் வாங்கினார்கள். 2022 இல் அச்சந்தை சரியத் தொடங்கியது. உச்சியில் வாங்கியவர்கள் உச்சியிலேயே நின்றுவிட்டார்கள். கடிகாரத்தை முதலீடென்று சொல்லி விற்கிறவர், "ஐந்தாண்டு கழித்து இதே விலைக்கு நானே திருப்பி எடுப்பேன்" என்று எழுதித் தருவாரா? கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பும்.

நம் நாட்டிலே இதற்குமேல் ரூபாவின் மயக்கம் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச் வரை ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபாவை எட்டியது. ஆயிரம் டொலர் பெறுமதியான கடிகாரம் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாயிற்று. "பார்த்தீரா, வாங்கி வைத்தேன், விலை ஏறிவிட்டது" என்று மகிழ்ந்தவர்களை நான் கண்டேன். கடிகாரம் ஓரங்குலமும் ஏறவில்லை. அவர்கள் நின்ற தரைதான் இறங்கியது. பின்னர் ரூபா ஓரளவு தேறியபொழுது அந்த மகிழ்ச்சியும் அந்த அளவுக்கு வற்றிப்போயிற்று.

இனி, வாங்கும் வழியைச் சொல்லுகிறேன்.

புதிதாக வாங்குபவர், கம்பனியால் நியமிக்கப்பட்ட முகவரிடம் போவது நல்லது, உத்தரவாதம் கிடைக்கும். அங்கே விலைகுறைத்துக் கேட்பது கௌரவக் குறைவென்று எண்ணி வாய்திறவாமல் நிற்கிறோம். கண்ணாடிக் கதவையும் குளிரூட்டியையும் கண்டு கூச்சம். சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற நாவு அங்கே ஏன் அடங்கிவிடவேண்டும்? றோலெக்ஸ் போன்ற ஓரிரு பெயருக்குக் குறைப்பும் இல்லை, சிலவற்றுக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கவும் வேண்டும். மற்றப் பல பெயர்களுக்கு, மரியாதையாகக் கேட்டாற் குறைக்கிறார்கள். குறைக்காவிட்டாலும் முதற் சேர்விஸை இலவசமாக, அல்லது இன்னொரு தோற்பட்டியைச் சேர்த்துத் தருவார்கள். கேட்பதற்கு வரி இல்லை.

முகவரிடம் தேங்கும் சரக்கு சிலவேளை வெளி வியாபாரிகளிடம் போய், அங்கிருந்து குறைந்த விலைக்கு வருகிறது. சரக்கு அசல்தான், ஆனால் கம்பனியின் உத்தரவாதத்துக்குப் பதிலாகக் கடைக்காரருடைய சொந்த உத்தரவாதமே இருக்கும். கடைக்காரர் நாளைக்கும் அதே இடத்தில் இருப்பாரா என்பதே அங்கே கேள்வி.

வெளிநாட்டிலுள்ள உறவினரைக்கொண்டு வாங்குவிக்கிறவர்களும் உண்டு. 1977 க்குப் பின்பு மத்திய கிழக்குக்குப் போய்த் திரும்பியவர்கள் கையிற் கட்டிவந்த சீக்கோ 5 ஐ இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்றும் அவ்வழி நல்ல வழியே; ஆனால் வரியை விளங்கிக்கொள்ளவேண்டும். சிங்கப்பூரில் 2024 முதல் வரி 9 வீதம், சுவிற்சர்லாந்தில் 8.1 வீதம், துபாயில் 5 வீதம். அங்கெல்லாம் உல்லாசப் பயணியாகச் சென்றவர் விமான நிலையத்தில் இதிற் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். அங்கேயே குடியிருக்கும் மச்சான் வாங்கித் தந்தாற் பெறமுடியாது. லண்டனில் 2021 முதல் பயணிகளுக்கும் இந்தச் சலுகை இல்லை. "லண்டனில் வரி கழிக்கலாம்" என்று சொல்பவர் பழைய கதை சொல்கிறார். கொண்டுவரும்பொழுது நமது சுங்கத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி, அங்கே கட்டவேண்டிய தொகையையும் கூட்டியே நயம் பாருங்கள். இலங்கையிற் பெறுமதிசேர் வரி மட்டுமே 2024 ஜனவரி முதல் 18 வீதம்.

பாவித்த கடிகாரம் வாங்குவதிலே உண்மையான நயமும் உண்டு, உண்மையான படுகுழியும் உண்டு. இதன் அருமையறிந்தே றோலெக்ஸ் கம்பனியும் 2022 டிசம்பரிலிருந்து, பாவித்த தன் கடிகாரங்களைச் சோதித்து இரண்டாண்டு உத்தரவாதத்தோடு முகவர்மூலம் விற்க ஏற்பாடு செய்தது. விலை கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலைக்கு நிம்மதி கிடைக்கிறது.

படுகுழிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தியாவில் எச்.எம்.ரி. கம்பனி யப்பானின் சிற்றிசன் உதவியோடு 1961 இற் பெங்களூரிலே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016 இல் அரசாங்கம் அத்தொழிலை மூடத் தீர்மானித்ததும், அதன் பழைய கடிகாரங்களில் மக்களுக்குத் திடீரென்று பாசம் உண்டாயிற்று. உடனே பழைய பொறிகளைப் பொறுக்கி, முகப்பைத் தேய்த்து நீலமும் பச்சையும் சிவப்புமாகப் புது வர்ணம் பூசி, கிடைத்த கூட்டில் அடைத்து விற்கிற கைத்தொழில் வளர்ந்தது. சீக்கோ 5 க்கும் இதே கதி. இணையத்தில் விற்பனையாகும் இவற்றுக்கு, சேகரிப்பவர்கள் "மும்பாய் ஸ்பெஷல்" என்று பரிகாசப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐம்பது வயதுக் கடிகாரத்தின் முகம் நேற்றுப் பூசிய சுவர்போல் மின்னினால் சந்தேகப்படுங்கள். எழுத்தின் ஓரம் தடித்திருக்கிறதா, கோடுகள் நேராய் இருக்கின்றனவா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பாருங்கள்.

பெரிய பெயர்களின் போலியைக் கண்ணால் மட்டும் பிடிக்கலாமென்று இனி எவரும் எண்ணக்கூடாது. முன்னர், "விநாடி முள் விட்டுவிட்டுத் துள்ளினாற் போலி, வழுக்கிக்கொண்டு போனால் அசல்" என்பார்கள். இப்பொழுது போலிக்குள்ளும் வழுக்கி ஓடும் பொறியை வைக்கிறார்கள். ஆகவே பெட்டி, உத்தரவாத அட்டை, முதற் பற்றுச்சீட்டு ஆகிய மூன்றையும் கேளுங்கள். அட்டையிலுள்ள இலக்கமும் கடிகாரத்தில் வெட்டிய இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கைமாறுமுன் கடிகாரம் திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பின்மூடியைத் திறப்பியுங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். நாலு இலட்சத்துப் பொருளுக்கு அதைவிட மலிவான காப்புறுதி கிடையாது.

எங்கள் அயலிலே ஒரு மாமா. மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய பெரியம்மா ஒருவர்தான், "பேர் சொல்லக்கூடிய கடிகாரமாகப் போடுங்கள்" என்று சொல்லியனுப்பினார். யாரோ ஒருவர் தொலைபேசியில், பாவித்த சுவிஸ் கடிகாரம் ஒன்று பாதி விலைக்கு இருப்பதாகச் சொல்ல, மாமா ஆறு பவுணை அடகு வைக்க ஆயத்தமானார். "தம்பி, நீ ஆங்கிலம் படித்தவன், ஒருக்கால் கூட வா" என்றார். இருவரும் கொழும்புக்குப் போனோம். ஒரு ஹோட்டலின் முன்மண்டபத்தில் விற்பவர் வந்து அமர்ந்தார். பளபளக்கும் பெட்டி, அட்டை, எல்லாம் இருந்தன. மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தோட்டத்தில் முப்பது வருடம் செக்ரோல் எழுதிய கண்ணால் இலக்கத்தை ஒவ்வொன்றாக வாசித்தார். அட்டையில் ஏழு என்றிருந்த இடத்திற் கடிகாரத்தில் ஒன்று இருந்தது.

"அச்சுப் பிழை, ஐயா" என்றார் விற்பவர்.

"அப்படியானால் பக்கத்திலுள்ள கடையிற் கொடுத்து ஒருக்கால் திறந்து பார்ப்போம்" என்றேன்.

"திறந்தால் தண்ணீர் புகும். இன்னொருவர் நாலு மணிக்கு முழுப் பணத்தோடு வருகிறார். இப்பொழுதே முடிவு சொல்லுங்கள்."

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "நாலு மணிக்கு வருகிறவரே கொண்டுபோகட்டும்" என்று எழுந்துவிட்டார். பிற்பகல் ரயிலிற் கண்டிக்குத் திரும்பும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. ரம்புக்கனை தாண்டியபின், "செக்ரோலில் ஒன்றை ஏழாக்கிய கங்காணிமார் எத்தனை பேரைக் கண்டவன் நான்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரத்தின் பின் முகவரிடம் போய், அவ்வளவு பெரிய பெயரில்லாத ஒரு புதுச் சுவிஸ் கடிகாரத்தை மூன்று முறை கேட்டு விலை குறைப்பித்து வாங்கினோம். அடகுக்குப் போனது இரண்டு பவுண். பெரியம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்கக்கூடும். கலியாணத்தன்று அவர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. பந்தியிற் பாயசம் பிந்தியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு விஷயம், பெரியோர்களுக்கு. உங்களிற் சிலருடைய பெட்டிகளில், தோட்டத்திலிருந்து ஓய்வுபெறும்பொழுது கொடுத்ததோ, தகப்பனார் கட்டியதோ, ஒரு பழைய ரோமரோ ஒமேகாவோ ஓடாமற் கிடக்கக்கூடும். அதைப் பேரப்பிள்ளைக்குக் கொடுப்பதற்காகப் புதிதாக்குகிறோமென்று கூட்டை மெருகிட்டு முகப்புக்கு வர்ணம் பூசிவிடாதீர்கள். பழைய கடிகாரத்தைத் தேடுகிறவர்கள் மங்கிய முகப்புக்கும் தேயாத கூட்டின் ஓரத்துக்குமே விலை கொடுக்கிறார்கள். பூசியபின் விலை பாதியாகிவிடும். பொறியை மட்டும் கழுவி எண்ணெயிடச் சொல்லுங்கள். அதற்காகும் செலவு புதுக் கடிகாரத்தின் விலையில் ஒரு சிறு பங்கே.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, கண்டியிலே பல காலமாகக் கடிகாரம் திருத்திவரும் ஒருவரை அழைத்துவர இசைந்திருக்கிறேன். பழைய கடிகாரம் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் அவர் திறந்து காட்டுவார். தயவுசெய்து ஒருவரும் அதைச் சாம்பலாலோ பல்லுத்தூளாலோ தேய்க்காமல், பெட்டியில் இருந்தபடியே கொண்டுவாருங்கள்.